வெள்ளைச் சட்டை வாலிபர்களின் இரண்டு ஆண்டுகள்
இரு மொழிச் சபையில் மார்மன் மிஷனரிகளின் அன்றாட வாழ்க்கை

கரமனைச் சந்திப்பில் தெற்கே போகும் பஸ்சுக்காகக் கால் மணி நேரம் நின்றால் போதும். ஒரே குடும்பத்தில் இரண்டு மொழி காதில் விழும். பாட்டி தமிழில் கேட்பார். பேத்தி மலையாளத்தில் பதில் சொல்வாள். நடுவில் நிற்கும் தாய் இரண்டையும் கலந்து இருவருக்கும் சமாதானம் சொல்வார். ஆற்றங்கரை அக்கிரகாரத்துத் தமிழரானாலும், சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்க வந்த தமிழரானாலும், அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்த தமிழரானாலும், இந்த ஊரில் காலூன்றியவர்கள் எல்லோருக்கும் இது பழகிப்போன சங்கதி.

வந்த புதிதில் பட்ட பாட்டை யாரும் மறப்பதில்லை. "வெள்ளம் வேணுமா?" என்று பக்கத்து வீட்டார் கேட்டபோது திகைத்தவர்கள் உண்டு. இங்கே வெள்ளம் என்றால் குடிநீர். "பனி பிடிச்சு" என்றால் காய்ச்சல். "சம்சாரம்" என்றால் பேச்சு. ஊரில் மனைவியைக் குறிக்கும் அந்தச் சொல்லைக் கேட்டு முகம் சிவந்தவர்களின் கதைகள் இன்றும் கரமனை வீடுகளில் சொல்லிச் சிரிக்கப்படுகின்றன.

இதே பாட்டை வேலைக்காகவோ வயிற்றுப்பாட்டுக்காகவோ அல்லாமல், சமயப் பணிக்காக இரண்டு ஆண்டுகள் பட வேண்டும் என்று புறப்படும் வாலிபர்கள் இருக்கிறார்கள். கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் வந்தவர்கள் சில வேளை அவர்களைப் பார்த்திருக்கலாம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, சட்டைப் பையின் மேல் கறுப்பு நிறப் பெயர்ப் பட்டை. எப்போதும் இருவர் இருவராகத்தான் நடப்பார்கள். இவர்களே மார்மன் சபையின் மிஷனரிகள்.

யார் இவர்கள்?

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் 1830 ஏப்ரல் 6-ம் தேதி ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கியது இந்தச் சபை. 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பது இதன் முழுப் பெயர். பைபிளுடன் 'மார்மன் புத்தகம்' என்ற நூலையும் இவர்கள் வேதமாகக் கொண்டாடுவதால் ஊரார் வைத்த பெயர் 'மார்மன்'. அந்தப் பெயரை விட்டு முழுப் பெயராலேயே அழையுங்கள் என்று சபைத் தலைமை 2018-ல் கேட்டுக்கொண்டது. ஆனாலும் பழைய பெயரே பலர் வாயில் நிற்கிறது. தலைமையிடம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரம்.

ஒரு காலத்தில் இந்தச் சபையார் பலதார மணம் செய்தவர்கள். அந்த வழக்கத்தைக் கைவிடும் அறிக்கை 1890-ல் வெளியானது. இன்றைக்குப் பலதார மணம் செய்தால் சபையை விட்டு நீக்கம்தான்.

மற்றக் கிறிஸ்தவ சபைகள் இவர்களைத் தம்மோடு சேர்த்து எண்ணுவதில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனியானவர்கள் என்பது இவர்களுடைய போதனை. பைபிளுக்கு மேல் வேறு வேதமும் உண்டு என்பது இன்னொன்று. இவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று வாட்டிகன் 2001-ல் தீர்ப்புச் சொன்னது. ஆகவே இந்த வாலிபர்கள் இந்து வீட்டு வாசலில் மட்டுமல்ல, கிறிஸ்தவ வீட்டு வாசலிலும் அந்நியர்களே.

அழைப்புக் கடிதம்

இந்தச் சபையில் சம்பளம் வாங்கும் உள்ளூர்ப் போதகர் கிடையாது. வாரம் ஆறு நாள் ஆபீசிலோ கடையிலோ வேலை பார்ப்பவரே ஞாயிற்றுக்கிழமை கிளைத் தலைவராக இருப்பார். ஊர் ஊராகப் போய்ப் போதிக்கும் வேலையைப் பெரும்பாலும் வாலிபர்கள் பார்க்கிறார்கள்.

ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்குப் பதினெட்டு மாதம் ஊழியம். ஆண்கள் 19 வயதில் புறப்படுவது பொதுவான வழக்கமாக இருந்தது. 2012 அக்டோபரில் அது 18 ஆகக் குறைக்கப்பட்டது. விண்ணப்பத்தில் டாக்டர் சான்றிதழ், பல் டாக்டர் சான்றிதழ் எல்லாம் இணைக்க வேண்டும். எந்த ஊருக்கு அனுப்பப்படுவோம் என்பது அவர்கள் கையில் இல்லை. இன்ன ஊர், இன்ன மொழி என்று தலைமையிடத்திலிருந்து அழைப்பு வரும். மாறுதல் உத்தரவுக்குக் காத்திருக்கும் ரயில்வே ஊழியர்களுக்கு அந்தத் தவிப்பு புரியும். இடம் பிடிக்கவில்லை என்று மனுப்போட்டு மாற்றிக்கொள்ளும் வழக்கம் இங்கே கிடையாது.

அழைப்பு வந்தவர்கள் முதலில் பயிற்சி நிலையத்தில் சேர வேண்டும். 2020-க்குப் பிறகு அந்தப் பயிற்சியின் ஒரு பகுதியைச் சொந்த வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பெறும் ஏற்பாடும் வந்திருக்கிறது. பிறகு ஊழியக்களம். அன்று முதல் சொந்தப் பெயர் பின்னால் போய்விடும். ஆண் என்றால் 'எல்டர்', பெண் என்றால் 'சிஸ்டர்', அதோடு குடும்பப் பெயர். எல்டர் என்றால் மூப்பர் என்று பொருள். மீசை சரியாக முளைக்காத பையனை மூப்பர் என்று அழைப்பதைக் கேட்டு நம் பாட்டிமார் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

காலை 6.30 முதல் இரவு 10.30 வரை

மிஷனரியின் நாள், ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் தொங்கும் கால அட்டவணையைப் போன்றது. காலை 6.30-க்கு எழுந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி. குளியல், காலை உணவு. எட்டு மணிக்கு வேதப் படிப்பு. முதலில் தனியாக, பிறகு ஜோடியாக. வேற்று மொழிக்கு வந்தவர்களுக்கு அதற்கு மேல் மொழிப் பாடம். பத்து மணிக்கெல்லாம் தெருவில் இறங்கிவிட வேண்டும். இரவு ஒன்பது அல்லது ஒன்பதரைக்குள் அறைக்குத் திரும்ப வேண்டும். மறு நாளைக்குத் திட்டம் எழுதி, நாட்குறிப்பு எழுதி, 10.30-க்கு விளக்கணைப்பு. 2017-ல் இந்த அட்டவணையில் சற்று நெகிழ்வு தரப்பட்டது. ஊருக்கு ஊர் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். தூங்கும் நேரத்தின் அளவு மட்டும் மாறாது.

வாரத்தில் ஒரு நாள் 'ஆயத்த நாள்'. அன்றைக்குத்தான் துணி துவைப்பது, காய்கறி வாங்குவது, முடி வெட்டிக்கொள்வது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம். வீட்டாரோடு போனில் பேச முன்பு ஆண்டுக்கு இரண்டே முறைதான் அனுமதி. கிறிஸ்துமசுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. மற்றப்படி கடிதமும் மின்னஞ்சலும்தான். 2019 பிப்ரவரியில் இந்த விதி தளர்ந்தது. இப்போது வாரம் ஒரு முறை வீட்டாரின் குரலைக் கேட்கலாம், முகத்தையும் பார்க்கலாம்.

சினிமா கிடையாது. காதல் கிடையாது. தனியாக எங்கும் போகக் கூடாது. எந்நேரமும் ஜோடி ஊழியர் கண் பார்வையில் இருக்க வேண்டும். அந்த ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இவர்களுக்கு இல்லை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரே அறை, ஒரே அடுப்பு, ஒரே பாதை. சுமார் ஆறு வாரத்துக்கு ஒரு முறை இடமாற்றப் பட்டியல் வரும். ஜோடி மாறலாம், ஊர் மாறலாம், இரண்டும் மாறாமலும் இருக்கலாம். ஒரே அறையில் நான்கு பேராகத் தங்கிச் சம்பளம் மிச்சப்படுத்தும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு இந்த வாழ்க்கையில் புதுமை எதுவும் தோன்றாது. உப்புக் கூடியதற்காக வரும் சண்டை எங்கும் ஒன்றுதான்.

'அவசரம்' பட்ட பாடு

வெளிநாட்டு மிஷனரிகளுக்கு இந்திய விசா எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே இங்கே இந்தப் பணியின் சுமை பெரும்பாலும் இந்திய வாலிபர்கள் தோளில்தான். ஆந்திரா, தெலங்கானா பக்கம் இந்தச் சபைக்கு உறுப்பினர்கள் அதிகம். அங்கிருந்து புறப்படும் தெலுங்குப் பையனுக்குத் தமிழ்நாட்டில் இடம் விழுந்தால் வேடிக்கை ஆரம்பமாகும்.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். 'அவசரம்.' தமிழனுக்கு அது விரைவு. தெலுங்கனுக்கு அது தேவை. மலையாளிக்கு அது வாய்ப்பு. தெலுங்குப் பையன் ஒரு தமிழ் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "ஜெபம் நமக்கு ரொம்ப அவசரம்" என்று சொன்னால் வீட்டுக்காரருக்கு எப்படிக் கேட்கும்? ஜெபத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பப் பார்க்கிறான் என்றுதான் கேட்கும். ஜெபம் அவசியம் என்றுதான் பாவம் அவன் சொல்ல வந்தது. மூன்று மொழிக்கும் பொதுவான வடசொல் ஒன்று மூன்று ஊரில் மூன்று வேலை பார்க்கிறது.

இதைவிடப் பெரிய சங்கடம் 'நீ', 'நீங்கள்', 'நீர்' மூன்றும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் ஊரையே அழைத்துவிடலாம். தமிழில் அப்படி முடியுமா? சிறுவனை 'நீ' என்று சொல்ல வேண்டும். அவன் தகப்பனை 'நீங்கள்' என்று சொல்ல வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவ வழக்கப்படி கடவுளை 'நீர், உம்முடைய, உமக்கு' என்று சொல்லி ஜெபிக்க வேண்டும். நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் 'நீரு', 'ஓய்' என்று சாதாரணமாக அழைத்துக்கொள்வார்கள். மற்ற ஊரில் அது ஜெபத்துக்கு மட்டுமே மிஞ்சிய சொல். புதிதாக வந்தவன் மூன்றையும் மாற்றிப் போட்டுவிட்டால், கடவுள் மன்னித்தாலும் வீட்டுப் பெரியவர் மன்னிக்க மாட்டார்.

ஆகவே ஜோடியில் ஒருவராவது உள்ளூர் மொழி தெரிந்தவராக இருந்தால் பாதித் தொல்லை தீரும். அவர் பேசுவார். மற்றவர் கேட்டுக் கேட்டுப் பழகுவார். சிறு நோட்டுப் புத்தகத்தில் சொல் எழுதி வைத்துக்கொள்வதும், தெருக் குழந்தைகளிடம் பேசிப் பார்ப்பதும் எல்லா ஊரிலும் உள்ள வழிதான். குழந்தைகள் சிரிக்கும், ஆனால் திருத்தியும் கொடுக்கும்.

காபி வேண்டாம், தண்ணீர் போதும்!

தமிழ் வீட்டுக்குள் நுழைந்தவனை முதலில் வரவேற்பது காபி அல்லது டீ. இந்தச் சபையாருக்கு அது இரண்டுமே ஆகாது. மது, புகையிலை, காபி, டீ கூடாது என்பது 1833-ல் ஏற்பட்ட கட்டளை.

"உள்ளே வாங்க தம்பி, உக்காருங்க. ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் பேசலாம்."

"வேண்டாம் அம்மா. தண்ணி போதும்."

"ஏன், எங்க வீட்டுல குடிக்கக் கூடாதா?"

இந்தக் கேள்விதான் அபாயம். யார் வீட்டில் கை நனைக்கலாம், யார் வீட்டில் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் பார்த்த நாடு இது. விரதம் என்று நினைத்துப் போனால் சரி. சாதி பார்க்கிறான் என்று நினைத்துவிட்டால் போச்சு. ஆகவே காபியை மறுக்கும் வாலிபன் அதே மூச்சில் மோர் கேட்கவோ, தண்ணீராவது வாங்கிக் குடிக்கவோ கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சாப்பாட்டுக்கு அழைத்தால் தட்டாமல் உட்கார்ந்து விடுவதே உத்தமம். இதை எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நாலு வீட்டில் முகம் சுளித்தால் தானே வந்துவிடும்.

ஞாயிறு காலை: இரண்டு மொழி, ஒரே அப்பம்

வாரத்தின் முக்கிய நாள் ஞாயிறு. முன்பு மூன்று மணி நேரமாக இருந்த ஆராதனையும் வகுப்புகளும் 2019 ஜனவரி முதல் இரண்டு மணி நேரமாகக் குறைக்கப்பட்டன. பிரசங்கம் செய்யத் தனியாக ஒருவர் இல்லை. சபையாரிலேயே இந்த வாரம் இன்னார் பேசுவது என்று முன்கூட்டிச் சொல்லிவிடுவார்கள். பதினைந்து வயதுப் பெண்ணும் பேசலாம், ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியரும் பேசலாம். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாச ஞாயிறு. அன்று இரண்டு வேளைச் சாப்பாட்டை விட்டு, அதன் பணத்தை ஏழைகளுக்கான நிதியில் போடுவது வழக்கம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை.

இரு மொழிச் சபையின் சோதனை அங்கேதான் தெரியும். சென்னை, கோவை போன்ற ஊர்களில் ஆங்கிலமும் தமிழும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. ஆங்கிலத்தில் பேசினால் கல்லூரிப் பிள்ளைகளுக்கும், தெலுங்கு, மணிப்பூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கும் புரியும். பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பாட்டிக்குப் புரியாது. தமிழில் பேசினால் பாட்டி தலையாட்டுவார், மற்றவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். ஒருவர் பேச ஒருவர் மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிப்பாகும், பேச்சின் சூடும் ஆறிவிடும். பெரும்பான்மை எது, வருபவர்கள் எவர் என்று பார்த்துப் பார்த்து நடத்த வேண்டிய காரியம் இது. கேரளத்தில் தமிழ் ஆராதனை வேண்டுமா, மலையாள ஆராதனை போதுமா என்று தங்கள் சபைக் கூட்டத்தில் வாதாடியவர்களுக்கு இந்தத் தலைவலி தெரிந்ததே.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் மொழியில் விளையாட்டுக் கிடையாது. இவர்களுடைய நற்கருணையில் திராட்சை ரசம் இல்லை. அப்பமும் தண்ணீரும்தான். அதற்கு முன் சொல்லும் ஜெபம் இரண்டும் எழுத்துப் பிசகாமல் சொல்லப்பட வேண்டும். ஒரு சொல் தவறினாலும், கூட்டத்தை நடத்துபவர் சாடை காட்டுவார். முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டும். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதுப் பையன்களும் இந்த மிஷனரிகளும்.

தமிழைப் பிறந்த மொழியாகக் கொள்ளாத ஒரு பையன், முழங்காலில் நின்று, அட்டையில் அச்சடித்த நீண்ட தமிழ் வாக்கியத்தை எதிரே வைத்துக்கொண்டு, 'ழ'கரத்தில் நாக்குச் சறுக்காமல் முடிக்க வேண்டும். சபை முழுவதும் தலை குனிந்து காத்திருக்கும். தவறினால் எல்லோருக்கும் தெரியும். பரீட்சை ஹாலிலாவது திருத்தி எழுத ரப்பர் உண்டு. கேட்டுக்கொண்டிருக்கும் பின் பெஞ்சுப் பாட்டிக்கோ அந்த ஜெபம் வாரத்துக்கொரு முறை தன் சொந்த மொழியில் காதில் விழும் நேரம். பையன் எந்த ஊர்க்காரன் என்று அவர் அப்போது பார்ப்பதில்லை. சொல் சரியாக வருகிறதா என்றுதான் பார்க்கிறார்.

சென்னையில் தோற்ற பழைய கதை

இவர்கள் இந்தியாவுக்குப் புதியவர்கள் அல்லர். 1851-ல் கல்கத்தாவில் முதல் மிஷனரி இறங்கினார். 1853 ஏப்ரலில் பதின்மூன்று பேர் கொண்ட குழு ஒன்று கல்கத்தா வந்து சேர்ந்தது. அதில் சிலர் சயாமுக்குப் போக வேண்டியவர்கள். இந்தியாவுக்கென்று வந்தவர்களில் ரிச்சர்ட் பாலண்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தம் சகாக்களோடு 1853 ஜூலையில் சென்னைக்குக் கப்பலில் வந்தார். யூட்டாவில் தம் சபைக்கு முதல் ஞாயிற்றுப் பள்ளியை 1849-ல் தொடங்கியவர் இவரே.

சென்னையில் துண்டுப் பிரசுரம் அச்சிட்டார். 1854-ல் ஒரு மாதப் பத்திரிகையும் நடத்தினார். எல்லாம் ஆங்கிலத்தில். கேட்டவர்கள் பட்டாளத்து வெள்ளைக்காரர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும்தான். ஊர் மக்களின் மொழி இவர்களுக்குத் தெரியாது. கற்கும் வரை தாக்குப்பிடிக்கப் பணமும் உடம்பும் இல்லை. பலதார மணத்தைப் பற்றிய செய்தி வேறு கப்பலோடு வந்து சேர்ந்து பெயரைக் கெடுத்தது. 1854 ஜூலையில் பாலண்டைன் ஊர் திரும்பினார். சில ஆண்டுகளில் மற்றவர்களும் இந்தியாவை விட்டுப் போய்விட்டார்கள்.

அதன் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் தமிழ்நாட்டில் பேச்சு மூச்சில்லை. பிறகு கோயம்புத்தூரைச் சேர்ந்த பால் திருத்துவதாஸ் என்ற தமிழர், சபைத் தலைமைக்குத் தாமே கடிதம் எழுதி எழுதித் தொடர்பு கொண்டு, 1965-ல் ஞானஸ்நானம் பெற்றார். 1978-ல் எட்வின் தர்மராஜு, எல்சி தர்மராஜு தம்பதியர் ஐதராபாத்தில் தங்கள் உறவினர் பலரைச் சேர்த்தார்கள். 1982-ல் மார்மன் புத்தகத்தின் தேர்ந்தெடுத்த பகுதிகள் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் அச்சாயின. 1993-ல் பெங்களூரில் மிஷன் தலைமையகம் ஏற்பட்டது. பெங்களூரில் கோவில் கட்டப்போவதாக 2018-ல் அறிவித்து, 2020 டிசம்பர் 2-ம் தேதி பணியைத் தொடங்கினார்கள்.

கப்பலேறி வந்தவரால் ஆகாதது, கடிதம் எழுதத் தெரிந்த ஒரு கோவைத் தமிழரால் ஆயிற்று. மொழியின் பலம் அதுதான்.

நம் சாலையில் நடந்தவர்கள்

இதே பாடத்தைத் திருவிதாங்கூர் முன்பே கற்றிருந்தது. லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே 1804-ல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்றுக்கொண்டு, மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கத்தின் அழைப்பின் பேரில் 1806-ல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். பத்து ஆண்டுகள் இருந்தார். பின்னால் வந்தவர்களில் சாமுவேல் மட்டீர் முக்கியமானவர். 1859-ல் இங்கே வந்தபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. தோள்சீலைக் கலகத்தால் தென் திருவிதாங்கூர் கொந்தளித்த காலம் அது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற மகாராஜாவின் பிரகடனம் அதே ஆண்டு ஜூலை 26-ம் தேதி பிறந்தது.

மட்டீரின் களம் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம். கரமனைப் பாலம் தாண்டித் தெற்கே போகும் அதே சாலைதான். அந்தச் சாலையில் தெற்கே போகப் போகத் தமிழ், வடக்கே வர வர மலையாளம். நடுவில் எது எங்கே முடிகிறது என்று யாரும் கோடு கிழிக்க முடியாது. 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லைக் கோடு போட்டார்கள். பேச்சு அதற்குக் கட்டுப்படவில்லை. 1979-ல் கன்னியாகுமரி வரை ரயில் ஓடத் தொடங்கியபோது பெட்டிக்குள் இரண்டு மொழியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வந்தன. இந்த நாட்டைப் பற்றி மட்டீர் எழுதிய புத்தகங்கள் 1871-லும் 1883-லும் வெளிவந்தன. பாளையத்தில் நிற்கும் மட்டீர் நினைவு ஆலயம் அவர் பெயர் தாங்கியது.

மட்டீருக்கும் இன்றைய எல்டருக்கும் வித்தியாசம் பெரியது. மட்டீர் முப்பது ஆண்டுகள் இருந்தார். மொழியை ஊறவைத்துக் கற்க அவகாசம் இருந்தது. எல்டருக்கு இருப்பது இரண்டே ஆண்டு. முதலாண்டு மொழி திக்கும். இரண்டாமாண்டு பேச்சு ஓடும். ஓடத் தொடங்கியதும் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

வீட்டார் கொடுக்கும் விலை

இந்த வாலிபர்களுக்குச் சம்பளம் இல்லை. தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றுக்குத் தாமும் வீட்டாரும் இயன்றதைக் கட்ட வேண்டும். இயலாதவர்களுக்குச் சபை நிதியிலிருந்து உதவி உண்டு. ஆனால் எந்த நிதியாலும் ஈடு செய்ய முடியாத ஒன்று உண்டு. அது வயது.

பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எப்படிப்பட்ட காலம் என்பது குமாஸ்தா வீடுகளுக்குத் தெரியும். டிகிரி, டைப்ரைட்டிங், கம்ப்யூட்டர், ரயில்வே பரீட்சை, பி.எஸ்.சி. பரீட்சை என்று ஒவ்வொரு வாசலாகத் தட்ட வேண்டிய காலம். வயது வரம்பு தாண்டினால் கதவு மூடிவிடும். அந்தக் காலத்தில் இரண்டு ஆண்டை எடுத்துக் கொடுப்பது சுலபமா? மூத்த பையன் என்றால் தங்கையின் கல்யாணம் ஒரு பக்கம், தகப்பனின் கடன் ஒரு பக்கம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், "உங்க பையன் எங்கே வேலை பார்க்கிறான்?" என்று கேட்டால் தாய் என்ன பதில் சொல்வாள்? 'வேலை' என்றும் சொல்ல முடியாது, 'படிப்பு' என்றும் சொல்ல முடியாது. உறவினர் வேறு மதம், வேறு சபை என்றால் அந்தக் கேள்வியில் குத்தலும் சேர்ந்திருக்கும்.

இதைச் சபைத் தலைமையும் உணர்ந்தது. ஏழை நாடுகளில் ஊழியம் முடித்துத் திரும்பிய வாலிபர்கள் வேலையின்றி நிற்பதைப் பார்த்து, படிப்புக்குக் கடன் தரும் நிதி ஒன்றை 2001-ல் அறிவித்தது. கடனைத் திருப்பிக் கட்டினால் அடுத்த பையனுக்குக் கிடைக்கும். உதவிதான். ஆனால் கடன் கடன்தானே.

வாசலுக்கு வெளியே சட்டம் வேறு நிற்கிறது. தன் மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு தருகிறது. ஆனால் பரப்பும் உரிமை, மற்றவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று சுப்ரீம் கோர்ட் 1977-ல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. வேறு சில மாநிலங்களில் அத்தகைய சட்டங்கள் உண்டு. இந்தச் சபையின் விதிப்படி, வயது வராதவருக்குப் பெற்றோர் சம்மதமும், மணமானவருக்குக் கணவன் அல்லது மனைவியின் சம்மதமும் இல்லாமல் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அப்படியும் ஒரு வீட்டில் ஒருவர் மாறினால் அந்த வீடு சும்மா இருக்குமா? தீபாவளிப் பலகாரம் பங்கு போகுமா, தகப்பனுக்குக் கொள்ளி யார் வைப்பது என்று ஆயிரம் கேள்வி எழும். இருபது வயதுப் பையன் அந்த வீட்டுக்குள் ஒரு செய்தியைக் கொண்டுபோகிறான். அதன் பின்விளைவை அனுபவிக்கப் போவது அந்த வீட்டார். ஆறு வாரத்தில் அவனுக்கு இடமாற்றம் வந்துவிடும். இதை எடுத்துச் சொல்பவர்களின் கவலையிலும் நியாயம் இருக்கிறது.

ஊர் திரும்பும் நாள்

இரண்டாண்டு முடிந்ததும் கறுப்புப் பெயர்ப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். அன்று முதல் எல்டர் இல்லை. வீட்டில் பழைய பெயர் காத்திருக்கும். நண்பர்கள் வேலையில் சேர்ந்திருப்பார்கள். சிலருக்குக் கல்யாணமும் ஆகியிருக்கும். காலை 6.30-க்குத் தானாக விழிப்பு வரும். பக்கத்தில் ஜோடி ஊழியர் இருக்க மாட்டார். தனியாகக் கடைக்குப் போவதே முதல் சில நாள் என்னவோ போலிருக்கும் என்பது திரும்பியவர்கள் எல்லா நாட்டிலும் சொல்லும் அனுபவம்.

அவர்கள் கொண்டுவரும் சாமான்களில் சம்பளச் சேமிப்பு இருக்காது. ஆனால் வேற்றூர் மொழி ஒன்று இருக்கும். அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டிப் பேசக் கூச்சம் இருக்காது. தமிழ்நாட்டில் பணி செய்த தெலுங்குப் பையன் ராஜமுந்திரி வீட்டில் உட்கார்ந்து தாயிடம் ஏதோ கேட்கும்போது நடுவில் ஒரு தமிழ்ச் சொல் விழும். தாய் புரியாமல் பார்ப்பாள்.

கரமனை வீடுகளில் லீவுக்கு வந்த பிள்ளை பாட்டியிடம் "கொறச்சு வெள்ளம் தா" என்று கேட்பதும், பாட்டி "வெள்ளமா? தண்ணின்னு சொல்லுடா!" என்று திருத்துவதும் அன்றாடம் நடப்பதுதான். திருத்திவிட்டு அவர் தண்ணீரையும் கொடுத்துவிடுகிறார்.